உள்ளாட்சியின் கடன், செலவு, வளர்ச்சி: வெம்பக்கோட்டை ஊராட்சி ஒன்றியத்தை முன்வைத்து

உள்ளாட்சி நிதி மேலாண்மை என்பது ஒரு கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி அல்லது மாநகராட்சி தனக்கு வரும் பணத்தைக் கொண்டு அன்றாடச் செலவுகளைச் சமாளித்து, புதிய பணிகளைச் செய்து, வாங்கிய கடனையும் செலுத்த வேண்டிய பாக்கியையும் கட்டுக்குள் வைத்திருக்கும் முறையாகும். மாநில அரசின் கடன் எவ்வளவு என்பது ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின்போது செய்தியாகிறது. ஊராட்சியின் கடன் அப்படிச் செய்தியாவதில்லை. பெரும்பாலான ஊராட்சிகள் வங்கியிலோ சந்தையிலோ கடன் வாங்குவதில்லை என்பதால் அவற்றுக்குக் கடனே இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. கட்டப்படாத மின் கட்டணம், குடிநீர் வாரியத்துக்குரிய பாக்கி, பழுது பார்க்கப்படாத தொட்டி ஆகிய வடிவங்களில் ஊராட்சியின் கடன் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெம்பக்கோட்டை: ஓர் அறிமுகம்

விருதுநகர் மாவட்டம் 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்களும் 450 கிராம ஊராட்சிகளும் உள்ளன. வெம்பக்கோட்டை அந்த ஒன்றியங்களில் ஒன்று. இதில் 48 கிராம ஊராட்சிகள் அடங்கும். வைப்பாற்றின் மீது அமைந்த நீர்த்தேக்கமும், விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடைபெற்ற தொல்லியல் அகழாய்வும் இவ்வூரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தின. ஆனால் இவ்வட்டார மக்களின் வாழ்வாதாரம் மானாவாரி விவசாயமும் பட்டாசுத் தொழிலுமே. சிவகாசியின் பெயரில் விற்கப்படும் பட்டாசுகளில் பெரும்பகுதி சிவகாசி நகருக்குள் தயாராவதில்லை. சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் வட்டங்களிலுள்ள கிராமங்களின் கரிசல் காட்டில்தான் ஆலைகள் பரவிக் கிடக்கின்றன.

நாட்டின் பட்டாசுத் தேவையில் மிகப் பெரும்பங்கை நிறைவு செய்யும் பகுதி இது. ஆயினும் 2018-இல் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்ற திட்டத்தை அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரு மாவட்டங்களில் விருதுநகர் ஒன்று, மற்றொன்று இராமநாதபுரம். தொழில் வளர்ந்த இடத்தில் உள்ளாட்சியின் கருவூலம் ஏன் வளரவில்லை என்பதே இங்கு முக்கியமான கேள்வி.

வரலாற்றுப் பின்னணி

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1884-இல் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. மாவட்ட அளவில் ஜில்லா போர்டுகள் அமைந்தன. பிற நாடுகளில் கவுண்டி எனப்படும் அமைப்புக்கு நம்மிடம் இருந்த மிக நெருங்கிய வடிவம் இதுவே. ஜில்லா போர்டுகள் நிலவரியுடன் சேர்த்துத் தனி வரி வசூலித்துச் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை நடத்தின. தஞ்சாவூர் ஜில்லா போர்டு இதற்கென வசூலித்த வரிப்பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு இரயில் பாதையே அமைத்தது. 1894-இல் திறக்கப்பட்ட அப்பாதையைத் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் இயக்கியது. உள்ளூர் மக்களின் வரியில், வருமானம் தரக்கூடிய ஒரு சொத்தை உள்ளாட்சியே உருவாக்கியதற்கு இது சிறந்த சான்று.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. ஜில்லா போர்டுகள் மறைந்தன. பின்னர் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்குகளை வகுத்தது. மாவட்ட ஊராட்சி மீண்டும் வந்தது. ஆனால் பழைய ஜில்லா போர்டுக்கு இருந்த வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு வரவில்லை.

வருவாய் எங்கிருந்து வருகிறது?

உள்ளாட்சியின் வருவாயை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது சொந்த வருவாய். வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். கண்மாய் மீன்பாசி குத்தகை, புளியமரக் குத்தகை, சீமைக் கருவேல மர ஏலம், சந்தைக் குத்தகை போன்ற வரியல்லாத வருவாயும் உண்டு. வரி விதிக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிராம ஊராட்சியிடமே இருக்கிறது. ஒன்றியத்துக்கு நிலவரியோடு சேர்ந்த சிறு வரவு தவிரச் சொந்த வரி ஏதும் இல்லை.

இரண்டாவது மாநில அரசின் பகிர்வு. அரசியல் சட்டத்தின் 243-ஐ பிரிவின்படி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்படுகிறது. அதன் பரிந்துரைப்படி தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. மக்கள்தொகை போன்ற அளவுகோல்களை வைத்து இத்தொகை பிரிக்கப்படுகிறது.

மூன்றாவது ஒன்றிய நிதி ஆணையத்தின் மானியமும் திட்ட நிதிகளும். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-ஆவது நிதி ஆணையம் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தை மட்டுமே உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம். அதிலும் ஊதியம் போன்ற நிர்வாகச் செலவு செய்யக் கூடாது.

வளர்ச்சி ஏன் வருவாயாக மாறுவதில்லை?

ஒரு கிராமத்தில் இருபது பட்டாசு ஆலைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆலையும் இல்லை. முதல் ஊராட்சி பணக்கார ஊராட்சியாக இருக்கும் என்றே எவரும் நினைப்பர். நடைமுறையில் வேறுபாடு மிகக் குறைவு. அதற்கான காரணங்கள் பின்வருமாறு.

பட்டாசுக்கு 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. இந்த வரி பொருள் தயாராகும் இடத்துக்குச் சேருவதன்று. நுகரப்படும் இடத்துக்குச் சேருவது. வெம்பக்கோட்டையில் செய்து தில்லியிலோ பாட்னாவிலோ வெடிக்கப்படும் பட்டாசின் மாநிலப் பங்கு அந்தந்த மாநிலத்துக்கே செல்கிறது. தமிழ்நாட்டுக்குள் விற்பனையாகும் பங்கு மாநிலக் கருவூலத்துக்கு வந்தாலும், அங்கிருந்து பகிர்வு சூத்திரத்தின்படி எல்லா ஊராட்சிகளுக்கும் பிரிந்துவிடுகிறது. பட்டாசு செய்த ஊர் என்பதற்காகத் தனிப் பங்கு கிடையாது.

அடுத்து வீட்டுவரி. கட்டடத்தின் பரப்பளவையோ மதிப்பையோ கொண்டு இவ்வரி கணக்கிடப்படுகிறது. பட்டாசு ஆலையின் அமைப்போ வேறு வகையானது. பாதுகாப்பு விதிகளின்படி சிறு சிறு அறைகள், அவற்றுக்கிடையே நீண்ட இடைவெளி, ஓர் அறையில் சிலரே வேலை செய்வது என அது அமைந்திருக்கும். பல ஏக்கர் நிலத்தை அடைத்திருந்தாலும் வரிக்குரிய கட்டடப் பரப்பு குறைவே.

தொழில்வரிக்கு அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்துள்ளது. 276-ஆவது பிரிவின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க இயலாது. 1988-இல் 250 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட இவ்வரம்பு அதன்பின் மாறவில்லை. மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக விலைவாசியும் கூலியும் பலமடங்கு உயர்ந்தும் வரம்பு அப்படியே நிற்கிறது. மேலும் பட்டாசுத் தொழிலாளர்களில் பலர் எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுவோர். அவர்களது ஆண்டு வருமானம் நிலையானதன்று.

வெடிபொருள் உரிமம் வழங்கும் அதிகாரமும் ஊராட்சிக்கு இல்லை. உரிமத்தின் அளவுக்கேற்ப ஒன்றிய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போ மாவட்ட நிர்வாகமோ அதை வழங்குகிறது. ஆனால் அதே தொழிலால் ஏற்படும் செலவுகளில் பல உள்ளூரில்தான் விழுகின்றன. சரக்கு லாரிகளும் ஆலைப் பேருந்துகளும் ஓடும் ஒன்றியச் சாலையைச் செப்பனிடுவது, வேலை முடிந்து வருவோர் நடக்கும் பாதையில் தெருவிளக்கு எரிவது, கூடுதல் குடியிருப்புகளுக்குக் குடிநீர் தருவது ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்புகள். 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த பெரும் வெடிவிபத்துகள் போன்றவை நேரும்போது ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் விரைந்து சென்று சேர்வதும் இந்தக் கிராமச் சாலைகளின் நிலையைப் பொறுத்ததே.

ஒரே தொழிலைச் சார்ந்திருப்பதன் இடரும் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி அளித்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. கூலி நின்றபோது வீடுகளில் முதலில் தள்ளிப்போடப்படும் செலவுகளில் வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செலவின் இரு வகைகள்

உள்ளாட்சிச் செலவில் மூலதனச் செலவு, நடப்புச் செலவு என இரு வகை உண்டு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டுவது, தார்ச்சாலை போடுவது, பள்ளிக் கட்டடம் எழுப்புவது மூலதனச் செலவு. மின் கட்டணம், தொட்டி இயக்குபவர் ஊதியம், தூய்மைக் காவலர் ஊதியம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது ஆகியவை நடப்புச் செலவு.

திட்டங்கள் பெரும்பாலும் மூலதனச் செலவுக்கே பணம் தருகின்றன. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் 20 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீடுதோறும் குழாய் இணைப்பு தந்தது. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டி முடித்த ஒவ்வொரு தொட்டியும் மறுநாள் முதல் மின் கட்டணம் கேட்கிறது. அதைக் கட்டும் பொறுப்பு ஊராட்சியினுடையது. தேர் செய்தவரே வடம் பிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. வடம் பிடிக்க ஊரில் ஆள் வேண்டும்.

மறைந்திருக்கும் கடன்

உள்ளாட்சிகள் கடன் வாங்குவதை 1914-ஆம் ஆண்டு உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அரசின் அனுமதியின்றிக் கடன் வாங்க முடியாது. நடைமுறையில் கிராம ஊராட்சிகளும் ஒன்றியங்களும் சந்தையில் கடன் பெறுவதில்லை. ஆனால் வரவைவிடச் செலவு மிகும்போது பற்றாக்குறை எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அது பாக்கியாகச் சேருகிறது.

ஊராட்சிக் கணக்குகளில் 2-ஆம் எண் கணக்கு என்று ஒன்று தனியே வைக்கப்பட்டது இக்காரணத்தால்தான். மின்வாரியத்துக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் செலுத்த வேண்டிய தொகையை மாநிலப் பகிர்விலிருந்து முதலிலேயே ஒதுக்கிவைப்பது அதன் நோக்கம். பொது நிதி 1-ஆம் எண் கணக்கிலும் திட்ட நிதி 3-ஆம் எண் கணக்கிலும் பராமரிக்கப்பட்டன.

பாக்கி எவ்வாறு சேர்கிறது என்பதைக் கற்பனையான ஓர் ஊராட்சியின் கணக்கால் விளக்கலாம். ஓராண்டுக்குரிய வீட்டுவரிக் கேட்பு 5 இலட்சம், குடிநீர்க் கட்டணக் கேட்பு 3 இலட்சம், பிற வருவாய் 1 இலட்சம்; ஆக 9 இலட்சம். மானியங்கள் போகச் சொந்த நிதியிலிருந்து செய்ய வேண்டிய நடப்புச் செலவு 8 இலட்சம். தாளில் பார்த்தால் 1 இலட்சம் மிச்சம். ஆனால் வரியிலும் கட்டணத்திலும் 70 சதவீதமே வசூலாகிறது என்றால் வரவு 3.5 + 2.1 + 1 = 6.6 இலட்சம்தான். ஆண்டுப் பற்றாக்குறை 1.4 இலட்சம். ஐந்தாண்டில் இது 7 இலட்சம் பாக்கியாகிறது. தாமதக் கட்டணம் தனி. எந்த வங்கிப் படியையும் ஏறாமலே அவ்வூராட்சி கடனாளியாகிவிடுகிறது. முழு வசூல் நடந்திருந்தால் அதே ஐந்தாண்டில் 5 இலட்சம் மிஞ்சியிருக்கும்.

பாக்கியைப் போலவே கணக்கில் ஏறாத இன்னொரு கடன் தள்ளிப்போடப்பட்ட பராமரிப்பு. தொட்டியின் கம்பி துருப்பிடித்து வெளியே தெரியத் தொடங்கும்போது பூசினால் சில ஆயிரங்களில் முடியும். பத்தாண்டு கழித்து இடித்துக் கட்ட இலட்சங்கள் வேண்டும். இந்த வேறுபாட்டை அடுத்த தலைமுறை செலுத்துகிறது.

நகரங்கள் கடன் வாங்கும் முறை

கிராம ஊராட்சிகளுக்கு மூடியிருக்கும் கடன் வழி நகரங்களுக்குத் திறந்திருக்கிறது. வெம்பக்கோட்டையின் அண்டை நகரான சிவகாசி, திருத்தங்கல் நகராட்சியை இணைத்து 2021-இல் மாநகராட்சியானது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கடன் தருவதற்கென 1996-இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உலக வங்கியின் உதவியுடன் உருவாக்கப்பட்டது. மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக வாங்கிய கடனை, 2001-இல் கடன் பத்திரம் வெளியிட்டுக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டது; சாலைச் சுங்கம் திருப்பிச் செலுத்தும் வழியாக இருந்தது. தனித்தனியே சந்தைக்குச் செல்ல வலுவில்லாத சிறு நகராட்சிகளைச் சேர்த்து, 2002-இல் உருவாக்கப்பட்ட குடிநீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதியம் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது.

கடன் வாங்குவது தானாகவே தவறாகாது. 1 கோடி ரூபாயை 8 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 10.19 இலட்சம், மொத்தம் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 2.04 கோடி. 20 ஆண்டுக்கு மேல் உழைக்கும் குடிநீர்த் திட்டத்துக்கு, அதன் கட்டணத்திலிருந்தே தவணை கட்ட முடியுமானால், இது நியாயமான கடன். அதே பணத்தை ஊதியத்துக்கோ விழாவுக்கோ செலவிட்டால், பயன் முடிந்த பிறகும் தவணை 20 ஆண்டு தொடரும்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் கவுண்டிகள் தாராளமாகக் கடன் வாங்கலாம். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி, வட்டி விகிதம் உயராது என்று நம்பிப் பொதுப்பணத்தைச் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் இட்டு, 160 கோடி டாலருக்கு மேல் இழந்து, 1994 டிசம்பரில் நொடிப்பு மனு அளித்தது. அலபாமாவின் ஜெபர்சன் கவுண்டி, கழிவுநீர்த் திட்டக் கடன் ஊழலோடும் சிக்கலான வட்டி ஒப்பந்தங்களோடும் சேர்ந்து வளர்ந்ததால், 400 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுடன் 2011-இல் நொடித்தது.

கென்யாவில் 2013 முதல் 47 கவுண்டி அரசுகள் இயங்குகின்றன. தேசிய அரசின் உத்தரவாதம் இல்லாமல் அவை கடன் வாங்க முடியாது. ஆயினும் பொருள் வழங்கியோருக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தராத பாக்கிகள் பெருகி அங்கு தீராத சிக்கலாகியுள்ளன. நம் ஊராட்சிகளின் நிலைக்கு நெருக்கமானது இதுவே. கடன் வாங்கும் கதவை மூடினால் மட்டும் கடன் நின்றுவிடாது; அது பாக்கி என்னும் கொல்லைப்புற வழியாக உள்ளே வரும்.

தேர்தலும் நிதியும்

தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2020 சனவரி வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லை. அக்காலத்தில் 14-ஆவது நிதி ஆணைய மானியத்தின் ஒரு பகுதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். வார்டு உறுப்பினர் இருந்தால் வீட்டுவரி உயர்வைப் பற்றி வீட்டுவாசலில் நின்று பேச ஒருவர் இருப்பார். தெருவிளக்கு எரியாததற்குப் பதில் சொல்லவும் ஒருவர் இருப்பார். ஆகவே உரிய காலத்தில் தேர்தல் நடப்பதும் நிதி மேலாண்மையின் ஒரு கூறே.

நல்ல மேலாண்மையின் கூறுகள்

வரிக் கேட்புப் பதிவேட்டைப் புதுப்பித்தல்: புதிய வீடு, மாடி, கிட்டங்கி, ஆலைக் கட்டடம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். விகிதத்தை உயர்த்துவதற்கு முன் விடுபட்டவற்றைச் சேர்ப்பதே நியாயம். 2023 முதல் ஊராட்சி வரிகளை இணையவழியிலும் செலுத்தலாம்.

பாக்கியைக் கடனாகக் காட்டுதல்: ஆண்டு வரவு செலவில் மின்வாரிய, குடிநீர் வாரிய பாக்கிகளைத் தனி வரியில் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கடனைத்தான் குறைக்க முடியும்.

கட்டும்போதே பராமரிப்பைக் கணக்கிடுதல்: புதிய தொட்டிக்குத் தீர்மானம் போடும்போதே அதன் ஆண்டு மின் கட்டணமும் ஆள்கூலியும் எந்த வருவாயிலிருந்து வரும் என்று எழுத வேண்டும்.

செலவைக் குறைக்கும் செலவு: 40 வாட் குழல் விளக்குகள் 200-ஐ 20 வாட் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினால், நாளுக்கு 11 மணி நேரம் எரியும் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். இவ்வகைச் செலவு தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும்.

பல வேர்களில் நிற்றல்: பட்டாசை மட்டும் நம்பாமல் சந்தை, கண்மாய்க் குத்தகை, அகழாய்வைக் காண வருவோருக்கான வசதிகள் என வருவாய் வழிகளைப் பரப்ப வேண்டும்.

கிராமசபையில் கேட்க வேண்டியவை

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் எவரும் கலந்துகொண்டு வரவு செலவு பற்றிக் கேள்வி கேட்கலாம். நான்கு கேள்விகள் போதும். இந்த ஆண்டு வரிக் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு? மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பாக்கி எவ்வளவு? சென்ற ஆண்டைவிட அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? புதிதாகக் கட்டப்படும் பணியைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும்? இந்த நான்குக்கும் எண்களில் விடை கிடைக்கும் ஊராட்சியில் கடன் கட்டுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். விடை கிடைக்காத ஊராட்சியில் முதற்பணி, பாக்கிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அடுத்த கிராமசபையில் வாசிப்பதே.